இரண்டரை நம்பர் பென்சில்

வெர்னா சொன்ன காரணத்தை ஆர்விட் பதினாறு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். அது உண்மையென்றால் தான் செய்தது சரி. பொய்யென்றால்? அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிடுவார்.

அது ஒரு மே மாதக் காலை. மணி ஏழு ஐம்பது. தேர்வு அறை வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுத்து ஆரம்பிங்க வெர்னா. மார்லிஸ் இன்னும் வரல."

"எட்டு மணின்னா எட்டு மணி."

"அவங்க வீட்டு மாடு கன்னு போடுதுங்க! பின்னங்கால் முதல்ல வருதாம். அவ அப்பாவால தனியா இழுக்க முடியல. இப்பத்தான் போன் வந்தது."

"நான் மாட்டுக்குப் பரீட்சை வைக்கல, ஆர்விட்."

வெர்னா பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவர். அன்று கண்காணிப்பாளர். பாடம் நடத்திய ஆர்விட் அறைக்குள் காலே வைக்கக் கூடாது என்பது விதி.

கால்குலஸ் என்ற கல்லூரிக் கணக்கைப் பள்ளியிலேயே படித்து, இந்த ஒரு தேர்வில் தேறிவிட்டால், கல்லூரியில் அதை மறுபடி படிக்க வேண்டாம். மார்லிஸ் இப்படி ஏற்கெனவே சில பாடங்களைத் தாண்டியிருந்தாள். இதையும் தாண்டினால் நான்கு வருஷப் படிப்பு மூன்று வருஷமாகும்.

"மூணு வருஷம்னா போ. நாலு வருஷம் நீ இல்லாம நாற்பது மாட்டை என்னால பார்க்க முடியாது" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். கால்நடை மருத்துவராகும் ஆசை முழுக்க இந்தக் காலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தேர்வு நேரம் ஓடத் தொடங்கும்போதுதான் கதவைச் சாத்துவார்கள். சாத்திய கதவு யாருக்கும் திறக்காது.

எட்டு அடித்தது. பாதி திறந்த கதவு வழியே ஆர்விட் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா மேஜை மேஜையாகப் போய்ப் பென்சில்களைச் சோதித்தார். கர்ட்டின் பென்சிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரெண்டரை நம்பர். ரெண்டாம் நம்பர்தான் செல்லும்."

"அரை நம்பர்ல என்ன மிஸ் ஆயிடப்போகுது?"

"விடைத்தாள்ல கோடு மங்கலா விழுந்து மெஷின் படிக்கலைன்னா என்கிட்ட வந்து அழாதே. இந்தா, என்னோடதை வச்சுக்கோ."

பிறகு விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார். அச்சில் உள்ளதை ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்த பிறகுதான் தேர்வு.

"மாணவர்களே... உங்கள்... முன்னால்... ஒரு... உறை..."

பனிக்கட்டி மேல் நடப்பவரைப் போலப் படித்தார். விரல் வரியின் மேல் ஊர்ந்தது. நின்றது. பின்னால் போனது.

"மன்னிக்கணும். ஒரு வரி விட்டுப்போச்சு."

எட்டே கால். எட்டரை.

"மிஸ், நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க காலேஜையே முடிச்சிருப்போம்!" என்றான் கர்ட். அறையே சிரித்தது.

"உன்னால எங்க விட்டேன்னே மறந்துபோச்சு. மறுபடி முதல்லேருந்து படிக்கறேன்."

"ஐயோ! வாயை மூடுடா கர்ட்!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

ஆர்விட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காத்திருக்கச் சொன்னால் மனசு வரவில்லை. படிக்கத் தெரியாமல் அரை மணி நேரத்தை மட்டும் தின்னத் தெரிகிறது!

எட்டு நாற்பத்தொன்றுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. தலையெல்லாம் வைக்கோலும் காலில் ரப்பர் பூட்ஸுமாக மார்லிஸ் ஓடி வந்தாள்.

"பொட்டக் கன்னு சார்! தாயும் நல்லாருக்கு, கன்னும் நல்லாருக்கு!"

"சரி, நீ உள்ள ஓடு!"

வெர்னா நிமிர்ந்து பார்த்தார். "பூட்ஸை வெளியே விட்டுட்டு வா. ஊரே நாறுது."

மார்லிஸ் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு சாத்தப்பட்டது.

'மயிரிழையில் தப்பித்தாள். இந்த அம்மாவின் புண்ணியத்தால் இல்லை' என்று நினைத்தார் ஆர்விட். நேராகப் பிரின்சிபாலிடம் போனார்.

"இனிமே வெர்னாவைப் பரீட்சைக்குப் போடாதீங்க சார்."

பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார். வெர்னா ஒரே பதில்தான் சொன்னார்.

"படிக்கிற கண்ணாடியை வீட்டுல மறந்துட்டேன். அது இல்லாம பக்கத்துல இருக்கற எழுத்தே எனக்குத் தெரியாது."

அதன் பிறகு அவரை யாரும் தேர்வுக்குப் போடவில்லை.

ஜூலையில் முடிவு வந்தது. மார்லிஸ் ஐந்துக்கு ஐந்து! அவள் அப்பா கன்றுக்குக் 'கால்குலஸ்' என்று பெயர் வைத்தார்.

பதினாறு வருஷம் கழித்து, வெர்னா ஓய்வு பெறும் நாள். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கேக்கும் சீஸும் சுட்ட சாசேஜுமாக ஒரே அமர்க்களம். டாக்டர் மார்லிஸ் அன்றும் தாமதமாகத்தான் வந்தாள், அன்றும் ரப்பர் பூட்ஸோடு.

"வெளியே கழட்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

வழுக்கை விழுந்த கர்ட் ஒரு டஜன் பென்சிலைப் பரிசாகக் கொடுத்தான். "பதினொண்ணு ரெண்டாம் நம்பர் மிஸ். ஒண்ணு மட்டும் உங்களைக் கடுப்பேத்த!"

சிரிப்பு அடங்கப் பல நிமிஷம் ஆனது. பென்சில்கள் கை மாறி ஆர்விட்டிடம் வந்தன. எது இரண்டரை என்று தேடினார். எறும்புத் தலை அளவு எழுத்து. தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் அந்த 'அரை' தெரிந்தது.

அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு பென்சிலோடு மெல்ல வெர்னாவிடம் போனார்.

"வெர்னா... கண்ணாடி இல்லாம எழுத்தே தெரியலைன்னு சொன்னீங்களே, அன்னைக்குக் கர்ட்டோட பென்சில்ல இதை எப்படிங்க படிச்சீங்க?"