பொடி எழுத்து

"ஏட்டி இசக்கி, பாட்டுச் சேனல் போடப்போறோம். நீ மேல போயிரு."

சொன்னவள் முப்பிடாதி, ஒரே ஊர்க்காரி. இசக்கிசெல்வி சோற்றுத் தட்டோடு மாடி ஏறினாள். தண்டலம் ஹாஸ்டலில் மூன்று மாதமாக இதுதான் நடைமுறை.

டி.வி.யில் குத்துப்பாட்டு வந்து, கலர் விளக்குகள் வெட்டி வெட்டி மின்னினால் போதும்; அவளுக்குக் கண் செருகும், கைகால் இழுக்கும், விழுந்துவிடுவாள். இரண்டு தடவை ஆயிற்று. மேளச் சத்தத்துக்கு இசக்கியம்மன் இறங்குகிறாள் என்று ஹாஸ்டலில் இருந்த ஊர்ப் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பேரே இசக்கி, அப்புறம் என்ன சந்தேகம்? அவளும் நம்பினாள். யாரும் அவளைத் திட்டவில்லை, கும்பிட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாமியைக் கும்பிடலாம், சாமி பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன முடியுமா? அடுத்த பாய்க்காரிகூட வேறு அறைக்குப் போய்விட்டாள்.

வார்டன் லூர்தம்மாள் இன்று காலையிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டாள். "சாமி வர்ற பொண்ண வச்சிக்கினு என்னால ஹாஸ்டல் நடத்த முடியாதும்மா. ஒங்கப்பாவ வரச் சொல்ட்டேன். நாளைக்குக் கெளம்பு."

ஊருக்குப் போனால் கம்பெனி வேலை போச்சு. தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஷாலின் வந்தாள். கார் சீட் கம்பெனிக்குப் போன வாரம் வந்தவள். பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் விடாத ரகம். காலையில் வாங்கிய புதுப் போனோடு வந்த சின்னப் புத்தகம் கையில் இருந்தது.

"அக்கா, ஒங்களுக்கு மேளத்துக்கா வருது, வெளக்கு மின்னுறதுக்கா?"

இசக்கிசெல்வி யோசித்தாள். ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் எத்தனை மேளம் கேட்டிருக்கிறாள், ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லையே.

"வெளக்குக்குத்தாம்மா."

ஷாலின் அவள் கையைப் பிடித்து வார்டனிடம் இழுத்துப் போனாள். யாரோ தன் கையைத் தொட்டு மூன்று மாதமாயிற்று என்று இசக்கிசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

புத்தகத்தின் பொடி எழுத்து இங்கிலீஷை ஷாலின் தமிழாக்கிச் சொன்னாள். படத்திலோ விளையாட்டிலோ வெளிச்சம் விட்டு விட்டு மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாமாம். வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

லூர்தம்மாள் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்பா பஸ் ஏறுவதற்குள் போன் போட்டு, வர வேண்டாம், நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். போனை வைத்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"இம்மாம் பெரிய சேதிய டப்பாக்குள்ள எவம்மா ஒளிச்சி வச்சது?"

இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான் மேடம். ரெண்டு வருஷமா, போன் டப்பாவுல அந்தப் புஸ்தகத்த வச்சு மூடுறதுதான் எனக்கு வேல."