மணல் புகாத ரீல்

வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லக் குளிப்பாட்டி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, நிழலாகப் பார்த்துப் படுக்க வைத்தான் ராஜமாணிக்கம். தெருவில் ஒரு லாரி போனது. தூசி பட்டுவிடுமே என்று பதறிக் கையால் மறைத்துக்கொண்டான்.

"நம்ம பொண்ணு சரசுவ ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டியிருக்கீங்களா?" என்றாள் மனைவி தனம்.

படுத்திருந்தது பிள்ளையல்ல, தூண்டில் ரீல். கடற்கரையில் நின்றபடி தூரமாகத் தூண்டில் வீசுகிறவர்கள் நைலான் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை. திருவண்ணாமலையில் கடலுக்கு எங்கே போவது? ஆனால் ராஜமாணிக்கம் வேலை பார்த்த ஆபீஸில் இன்ஜினீயர் சக்கரவர்த்தி இருந்தார். ஞாயிறு தவறாமல் முதல் பஸ் பிடித்து மரக்காணம் போய்விடுவார். திங்கட்கிழமை மணலும் உப்புமாக ஆபீஸுக்கு வரும் ரீல், சாயங்காலம் கிளார்க் ராஜமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தச் சேவகத்துக்குக் காரணம் இருந்தது. மாற்றல் வரப்போகிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. வருஷக்கணக்காக ஆரணியில் தனியாகக் கிடந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய தனத்துக்கு, போன ஜூனில்தான் உள்ளூர் கிடைத்தது. இப்போது இவனைத் தூக்கியடித்தால் மறுபடியும் ஆளுக்கொரு ஊர். அதை நினைத்தாலே சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவான். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான்.

"வாயத் தொறந்து அவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கக் கூடாது தனம். நாமளா கேட்டா மதிப்பு கம்மியாயிடும். அவரா மனசு வந்து செய்யணும்."

"உங்களுக்கு இன்னா வேணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் இந்த ரீலு சொல்லும்."

தனம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் பல்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டான். ஜாஸ்தியானால் மணல் ஒட்டும். நரம்பை இறுக்கிப் பிடிக்கும் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் துணியில் சுற்றினான். இறுக்கமாகவே விட்டால் உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கிப்போகும். பெண்டாட்டியின் மனத்தைப் படிக்காத மனுஷன், ரீலை மட்டும் கரைத்துக் குடித்திருந்தான்.

அந்த வாரமே இன்னொரு வாய்ப்பு வந்தது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார், இரண்டு ரீல் வைத்திருக்கிறார், விற்றுவிடப் போகிறார் என்று சேதி. ராஜமாணிக்கம் முதல் நாளே போய், பாதி இங்கிலீஷிலும் பாதி கையசைவிலும் பாடம் கேட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் சக்கரவர்த்தியை அழைத்துப் போனான்.

அவர் கை நேராகப் பளபளவென்று இருந்த சின்ன ரீலுக்குப் போனது.

"பளபளப்பப் பாக்காதீங்க சார். கரையில நின்னு வீசறதுக்கு உருளை பெருசா இருக்கணும். அப்பதான் நரம்பு ஜாஸ்தி புடிக்கும், தடையில்லாம ஓடும். அதுல பாருங்க, எவ்வளவு சந்து. அவ்வளவும் மணல் போற வழி. இந்தப் பெருசுல அது கம்மி."

சக்கரவர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதெல்லாம் எப்பப்பா கத்துக்கிட்ட?"

"உங்களுக்காகத்தான் சார்."

பெரியதையே வாங்கினார். செங்கம் ரோட்டில் நடந்து வரும்போது, "இனிமே ஒரு ரீல் பத்தாது. வாரத்துக்கு ஒரு நாள் வீசறதெல்லாம் வீசறதா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "உப்புக் காத்து உனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

"எனக்கு எல்லாம் ஒத்துக்கும் சார்."

வீட்டுக்குள் நுழையும்போதே ராஜமாணிக்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழம என்னையும் மரக்காணம் கூட்டிட்டுப் போவாருபோல. இனிமே கவலப்படாத." அன்று மட்டும் சாப்பாட்டில் பாதியில் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் டைப்பிஸ்ட் கஸ்தூரி வந்து, ஆர்டர் வந்துவிட்டது, இன்ஜினீயர் மேசையில் இருக்கிறது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். ராஜமாணிக்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான். எடுத்த ஃபைலையே திரும்பத் திரும்ப எடுத்தான். கடைசியில் மணி அடித்துக் கூப்பிட்டார்கள்.

"உக்காருப்பா" என்றார் சக்கரவர்த்தி. அவர் இதுவரை சொல்லாத வார்த்தை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டான்.

"எனக்கு ராமேஸ்வரம் போட்டுட்டாங்க. முன்னாடியே தெரியும், வெளிய சொல்லல." அவர் முகமெல்லாம் சிரிப்பு.

செய்ததெல்லாம் வீணா என்று ராஜமாணிக்கம் திகைத்தான். போகிறவரைப் பிடித்து என்ன பிரயோஜனம்? ஆனால் அவர் இன்னொரு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். "உனக்கும் அங்கதான்."

அவன் பெயர்தான். எழுத்துகள் ஆடின. தனத்திடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கு சார் வந்திருக்கு?"

"வேற ஒருத்தருக்கும் இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி சார் வந்துச்சு?"

சக்கரவர்த்தி எழுந்து வந்து, பெற்ற பிள்ளையைத் தட்டுவதுபோல அவன் தோளைத் தட்டினார்.

"தானா எங்கப்பா வருது? மெட்ராஸுக்குப் போன் மேல போன் போட்டு, உன்ன நான்தான் கேட்டு வாங்கினேன்."