ஆள் இருக்கு

கண் அழுத்த நோய் சுபேதார் இருதயராஜின் இடப்பக்கப் பார்வையைத் தின்றுவிட்டது. ராணுவம் அவரை விடவில்லை. ஒரு லென்ஸைப் பொருத்தி, அந்த இருட்டை அவர் முன்பு பார்த்த காட்சிகளால் நிரப்பியது. பங்கரில் ஒன்பது வருடம் அவருக்கு இடப்பக்கம் நின்றவன் மாசிலாமணி. குண்டு பட்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தான். செத்த பிறகும் அங்கேயே நின்றான்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, பஸ்ஸில் மகள் ஸ்டெல்லா அவருக்கு இடப்பக்கம் உட்காரப் போனாள்.

"அங்க வேண்டாம்மா, ஆள் இருக்கு."

"காலியாத்தானப்பா கெடக்கு" என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

அவர் கண்ணுக்கு மகள் தெரியவில்லை. மாசிலாமணிதான் தெரிந்தான்.

"தண்ணி குடிக்கிறீங்களாப்பா?" என்று குரல் மட்டும் வந்தது.

தன் கையில் அவள் வைத்த பாட்டிலைத் திறந்தவர், குடிக்காமல், இடப்பக்கமே நீட்டினார்.

"மொதல்ல நீ குடிடா."