படம் விடறதுக்குள்ள

"படம் விடறதுக்குள்ள திறந்துடுவீங்களா தம்பி?"

மூன்றாவது மாடிக் கதவின் முன்னால் குந்தியிருந்த சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படம் விட்டா அவங்களே சாவியோட வந்துடுவாங்களேம்மா. அப்புறம் நான் எதுக்கு?"

அந்த அம்மாள் லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியெல்லாம் வேர்வை. கையிலிருந்த துணிப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

விஷயத்தைக் கடைக்கு வந்தபோதே சொல்லியிருந்தாள். அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று சினிமா ஆசை வந்துவிட்டது. கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு மத்தியானக் காட்சிக்குப் போய்விட்டார்கள். போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. பெரிய ஊரில் இதெல்லாம் அன்றாடக் கூத்துதான். சாவிக்காரருக்கு வாரத்துக்கு நாலு வீடாவது இப்படி வரும்.

ஆனாலும் அவர் சூடு கண்ட பூனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மடிப்புக் கலையாத சட்டையோடு வந்த ஒருவன் பேச்சை நம்பி ஒரு கதவைத் திறந்துவிட்டார். அது அவன் வீடே இல்லை. அவன் பீரோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். லாக்கப்பில் மூன்று நாள் கிடந்தது இவர். அன்றிலிருந்து அத்தாட்சி பார்க்காமல் எந்தப் பூட்டிலும் கை வைப்பதில்லை.

"அட்ரஸ் போட்ட கார்டு ஏதாவது இருக்காம்மா?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு." அவள் போனை நீட்டினாள். அதில் ஒரு கல்யாணப் போட்டோ. மணமக்களுக்குப் பக்கத்தில் புதுப்புடவையில் அவளே சிரித்துக்கொண்டு நின்றாள். "இந்த வீட்டுக் கல்யாணந்தான் தம்பி. போன வருஷம் எடுத்தது."

மாப்பிள்ளை இந்தக் கட்டடத்துக்குள் போய்வருவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். சந்தேகம் தீர்ந்தது. சாவித் துளைக்குள் கம்பியை விட்டார்.

"சத்தம் வராம பண்ண முடியுமா?"

"கதவு என்ன கைக்குழந்தையாம்மா, முழிச்சுக்கிட்டு அழறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "மணி என்ன தம்பி?"

"அஞ்சடிக்கப் போகுது."

"அஞ்சரைக்கு விட்டுடும்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

பத்தாவது நிமிஷம் கதவு திறந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். தாழ் ஒழுங்காக விழுகிறதா என்று உள்பக்கம் பார்ப்பதற்காக அவரும் பின்னால் போனார்.

ஹாலைக் கடந்து முதல் கதவைத் திறந்தாள். குளியலறை. அடுத்ததைத் திறந்தாள். தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை. தன் வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியாத வீட்டுக்காரியைச் சாவிக்காரர் பார்த்ததில்லை.

கடைசி அறைக் கதவில், வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டுத் தொங்கியது. அதைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"இதையும் திறந்துடுங்க தம்பி. சீக்கிரம்."

"உள்ள என்ன, பீரோவா?"

அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு நீ? பார்த்தா பாவமா இருக்கேன்னு வந்தேன். மறுபடியும் என்னைக் கம்பி எண்ண வைக்கப் பார்க்கறியா?" அவர் போனை எடுத்து, கீழே இருக்கும் வாட்ச்மேனின் நம்பரைத் தட்டினார். "அசையாத. அங்கயே நில்லு."

அவள் ஓடவில்லை. அவர் காலடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சத்தம் போடாதீங்க. எல்லாரும் ஒண்ணா வெளிய கிளம்புவாங்களான்னு நாப்பது நாளா எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கிளம்பினாங்க. வாட்ச்மேன்கிட்டப் படத்துக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனதைக் காதால கேட்டேன்."

"நாப்பது நாளா நோட்டம் பாத்திருக்கே! நீ லேசுப்பட்ட ஆள் இல்ல."

மணி அடித்து ஓய்வதற்குள் வாட்ச்மேன் எடுத்துவிட்டார். "சொல்லுங்கண்ணே."

அப்போதுதான் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. வறண்டுபோன, தெம்பில்லாத இருமல். அதைத் தொடர்ந்து, மரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"அண்ணே? எந்த வீடு, என்ன விஷயம்?"

சாவிக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாளை உள்ளே போடுவார்கள். மனுஷர் இருக்கிற அறைக்கு வெளியே பூட்டுப் போடுகிறவர்கள் யார்?

"ஒண்ணுமில்ல, கை பட்டுடுச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பூட்டின் முன்னால் மண்டியிட்டார். இருபது வருஷத் தொழிலில் முதல் தடவையாகக் கம்பி துளைக்குள் போகாமல் வழுக்கியது. அவள் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

பூட்டு வாயைப் பிளந்ததும் எழுந்து விலகி நின்றார். அப்புறம்தான் கேட்டார்.

"உள்ள யாரும்மா?"

"நான் இந்த வீட்டுக்காரி இல்ல தம்பி, சம்பந்தி. உள்ள கிடக்கறது என் பொண்ணு."