ஏற்புரை கடைசியில்

இதனால் மேட்டுக்களம் ஊராருக்குப் பெருமையுடன் அறிவிப்பது: கனடாவில் குடியேறி, நாற்பது ஆண்டுகள் பாலங்களோடே வாழ்ந்த இன்ஜினீயர் சிவப்பிரகாஷ் அவர்களுக்கு வாய்க்கால் கரையில் மாபெரும் பாராட்டு விழா!

பொன்னாடை போர்த்திய கையோடு, வாய்க்காலின் பழைய பாலத்தை இடிக்க ஜேசிபிக்குக் கைகாட்டினார் பஞ்சாயத்து மெம்பர் மாரப்பன்.

"ஏனுங்க மெம்பரே, புதுசு கட்டித் தர்றேன்னு அவரு சொன்னாருங்களா?" என்றாள் அக்கரையில் வீடுள்ள பழனாத்தாள்.

"ஏற்புரை கடைசியிலதானுங்கக்கா. அப்பச் சொல்லுவாரு."

எல்லோரும் வாழ்த்தி ஓய்ந்தபின் சிவப்பிரகாஷுக்கு மைக் கிடைத்தது.

"ரொம்பச் சுத்தமா இடிச்சிருக்கீங்க. அங்க எனக்கும் நாப்பது வருசமா பழைய பாலத்த இடிக்கிற வேலைதானுங்க. கட்டறதுக்கு வேற ஆளுங்க வருவாங்க."

பழனாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.