வாய்தா

"அக்கா, இனிமே ஒரு செடிகூட நடக் கூடாதாம். சுந்தரேஷ் சார் நம்ம மேல கேஸ் போட்டுட்டாரு."

கீழ் வீட்டுக் கனிமொழி மூச்சிரைக்க வந்து சொன்னபோது, தமிழ்செல்வி மருத்துவமனை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எந்த சுந்தரேஷ்? நம்ம மாடி வீட்டு சாரா?"

"அவரேதான். கவர்மென்ட் நிலத்தை நாம ஆக்கிரமிக்கிறோமாம். கேஸ் முடியிற வரைக்கும் அந்த இடத்துல யாரும் எதுவும் புதுசா செய்யக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு."

தமிழ்செல்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாட்டுத் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த அந்த நிலத்தில், லாரி லாரியாக யார் யாரோ கொட்டிவிட்டுப் போன செங்கல்லும் சிமென்ட் கட்டியும்தான் மலையாகக் கிடந்தன. காற்றடித்தால் வீடெல்லாம் புழுதி. குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு இருமல் நின்றதே இல்லை. அவளும் சில குடும்பங்களும் சேர்ந்து குப்பையை அகற்றி, சாணமும் உமியும் கலந்து மண்ணைத் தேற்றி, முதல் மழைக்குப் பாதி நிலத்தில் வேம்பு, நாவல், கடம்பு, மருதம் என்று நெருக்கமாக நட்டிருந்தார்கள். மீதிப் பாதிக்கான கன்றுகள் வாசலில் காத்திருந்தன.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அர்விந்துக்கு அங்கே கார் நிறுத்த இடம் வேண்டும். "காடு வேணும்னா காட்டுக்கே போங்க, பெஹன்ஜி" என்று இந்தியில் நேருக்கு நேர் சொன்னவர். அவர் எதிரி என்பது ஊரறிந்தது. ஆனால் சுந்தரேஷ், சட்டத் துறையில் அதிகாரி, யார் வம்புக்கும் போகாதவர்.

மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டாள். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"எதுவா இருந்தாலும் கோர்ட்ல பேசிக்கலாம்மா." கதவு சாத்தப்பட்டது.

"விட்டுடலாம்க்கா. கோர்ட்டு கேஸுன்னு நம்மால அலைய முடியாது" என்றாள் கனிமொழி.

"புதுசா நடத்தானே தடை? இருக்கிறதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள் தமிழ்செல்வி. "ஒண்ணைக்கூடக் காய விட மாட்டேன்."

விடவும் இல்லை. வெயில் கொளுத்தும் மே மாதத்தில், ஆர்.ஓ. மெஷின்கள் கழித்துவிடும் தண்ணீரை வீடு வீடாகப் போய் பக்கெட்டில் பிடித்தாள். அனல் காற்றுக்கு முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு சுமந்தாள். சிலர் சிரித்தார்கள். சிலர் மறுநாள் தாங்களே பக்கெட்டோடு வந்தார்கள்.

கோர்ட்தான் அவளை வாட்டியது. ஒவ்வொரு முறையும் சுந்தரேஷ் அர்விந்தின் காரில் வந்து இறங்குவார். வழக்கை எடுத்ததும் வாய்தா கேட்பார். வக்கீலுக்குக் காய்ச்சல் என்பார். நில வரைபடம் கிடைக்கவில்லை என்பார். தங்கை மகள் கல்யாணத்துக்கென்று தமிழ்செல்வி சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் கோர்ட் பெஞ்சில் கரைந்தது. கல்யாணத்தை அவள் போனில்தான் பார்த்தாள்.

ஒருநாள் வராந்தாவில் அவரை மறித்துக் கேட்டுவிட்டாள். "எங்களை இப்படி அலைய விடறதுல உங்களுக்கு என்ன சார் சந்தோஷம்? தெம்பு இருந்தா இன்னிக்கே வாதாடுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவர் மனைவி ருக்கு சிரித்தால்கூட, தமிழ்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது மழைக்காலம் வந்தபோது கடம்புகள் மாடி பால்கனியை எட்டியிருந்தன. உள்ளே எங்கிருந்தோ செண்பகப் பறவை ஒன்று விடாமல் கூவியது. அந்த வாரம்தான் மறுபடியும் வழக்கு. இந்தத் தடவை வாய்தா கேட்டால் நீதிபதியிடம் தானே எழுந்து பேசிவிடுவது என்ற முடிவோடு போனாள் தமிழ்செல்வி.

சுந்தரேஷ் வாய்தா கேட்கவில்லை. வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

அர்விந்த் முகம் சிவக்க எழுந்து வெளியே போனார். சுந்தரேஷ் தனியாகப் படியிறங்கினார். தமிழ்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

"தோத்துடுவோம்னு பயமா சார்? இதை மொதல்லயே செஞ்சிருந்தா மீதிப் பாதியும் இன்னிக்குக் காடாயிருக்கும்."

அவர் நின்றார். "அப்படி ஒண்ணும் இருந்திருக்காதும்மா. பாதிகூட இருந்திருக்காது."

"என்ன சார் சொல்றீங்க?"

"செடியை யார் வேணும்னாலும் பிடுங்கலாம். மரமாயிட்டா, இந்த ஊர்ல அனுமதி இல்லாம வெட்ட முடியாது. உங்களோடது இப்பதான் மரமாயிருக்கு, நன்னா விசாரிச்சுண்டுதான் வாபஸ் வாங்கினேன்."

"அதுக்கு எங்க மேல எதுக்கு சார் கேஸ்?"

"அந்த நிலத்தை வழிக்க ஜேசிபிக்குச் சொல்லியாச்சுன்னு அர்விந்த் எங்கிட்ட வந்து சொன்னான். அவனையும் சேர்த்துக் கட்டிப்போடற மாதிரி ஒரு தடை வாங்கணும்னா, உங்க மேல கேஸ் போடறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலைம்மா."