கருமலையின் எதிரி

“அந்தப் பொம்பளையத் திருப்பி வெரட்டுனவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், செருப்பாலயே அடிப்பேன்!”

கந்தப்பன் மேசையைக் குத்திய குத்தில் கீபோர்டு ஒரு துள்ளு துள்ளியது. பதுளை பஜாரில், மாடியில் இருந்த அந்த நெட் கஃபேயில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். விளையாட்டுப் பைத்தியம் என்று தெரிந்ததும் அவரவர் திரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கந்தப்பன் கணக்கப்பிள்ளை. ஞாயிறானால் பஸ் ஏறி வந்து, ‘கருமலை’ என்ற இணைய விளையாட்டில் சிங்கவேல் என்ற வீரனாக மாறிவிடுவார். பக்கத்து நாற்காலியில் புடவைக் கடை நிஸாம். அவர் ஆடுவது ‘நீலக்கண்டம்’ என்ற வேறு விளையாட்டு.

“கருமலையில என்னதான் இருக்கு கந்தப்பன்? ஒரு படம் உண்டா, சத்தம் உண்டா? வெறும் எழுத்து! இங்க பாருங்க, பனிமலை, பறக்கிற குதிரை, கடலுக்கு அடியில அரண்மனை!”

“மலை அழகாத்தாங்க இருக்கு. கதை எங்க இருக்கு? பத்துப் பன்னியக் கொல்லு, தோலைக் கொண்டா, அடுத்த ஊருக்குப் போ. அங்க போனா இருபது பன்னி! நாளைக்கு வந்தாலும் செத்த பன்னி அதே எடத்துல மேஞ்சுக்கிட்டு நிக்கும். எங்க கருமலையில செத்தா செத்ததுதான். நாம எழுதுறதைப் பாத்துக் கதையும் மாறும்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் கதை விஷயத்தில் கந்தப்பன் சொன்னதில் நியாயம் இருந்தது. ‘கருமலைத் தாய்’ என்ற பெயரில் யாரோ கதை சொல்ல, கொழும்பு, சென்னை, கனடா என்று முந்நூறு பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, எழுதி எழுதியே விளையாடினார்கள்.

“யாரு எழுதுறாங்களோ! லண்டன்ல பெரிய படிப்பு படிச்ச ஆளாத்தான் இருக்கும்” என்றார் கந்தப்பன்.

பிளேன்டீ வந்தது. கொண்டுவந்தவள் அற்புதமலர், கவுண்டரில் இருக்கும் டிலக்ஷியின் அம்மா. கந்தப்பன் கோப்பையை வாங்கினார், கொடுத்தவளைப் பார்க்கவில்லை. தோட்டத்திலும் அவர் அப்படித்தான். காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பும் பெரட்டில், செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் வாசிப்பாரே தவிர, எதிரே வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

“சரி, யாரைத்தான் அடிக்கப் போறீங்க?” என்றார் நிஸாம்.

“கோட்டையில கல்லு சுமக்கிற பொம்பளை ஒருத்தி. புருசனை அடக்கம் பண்ணி நாலாம் நாளு வேலைக்கு வாறா. முரசு அடிச்சு ஓஞ்சு ரெண்டே நிமிசம். காவக்காரன் உள்ள விடல. அதோட விட்டானா? எல்லார் முன்னாலயும், ‘எழுப்பிவிட ஆளில்லைன்னா இன்னொருத்தனைச் சேத்துக்க’ன்னுட்டான். நின்னவங்களும் பயத்துல சிரிச்சிட்டாங்க. அவ புள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு கோட்டைய விட்டே போயிட்டா.”

மனுஷன் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

“கதைதானே, விடுங்க.”

“கதை இல்லீங்க! நெசமா நடந்ததுன்னு தாயி எழுதியிருக்கு. நாலு மாசமா அவனைத் தேடுறோம். இன்னிக்கு விடப் போறதில்ல. அவனோட உண்மைப் பேரையும் ஊரையும் போட்டே ஆகணும்னு கேக்கப் போறேன். ஊரு ஊரா நாறணும் நாயி. சொந்தப் பொண்டாட்டி புள்ளைங்களே அவன் மூஞ்சில காறித் துப்பணும்!”

சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினார். திரையில் மளமளவென்று பதில்கள் வந்து விழுந்தன. ‘சிங்கவேல் சொல்வது சரி’, ‘பேரைப் போடுங்கள்’, ‘ஊரையும் சேர்த்துப் போடுங்கள்’. கனடாக்காரர் ஒருவர், பெயர் தெரிந்தால் போதும், பேப்பரிலேயே போட்டுவிடுவதாக எழுதினார்.

பிறகு கருமலைத் தாய் எழுதினாள்: ‘சிங்கவேல், நீ கேட்டதால்தான் போடப் போகிறேன். போட்டால் பிறகு எடுக்க மாட்டேன். சம்மதமா?’

“சத்தியமா சம்மதம், போடுங்க தாயே!” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார் கந்தப்பன். நாற்காலியில் சாய்ந்து பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்தார். அந்தப் பாவியின் முகம் எப்படிக் கறுக்கும் என்று நினைக்கவே அவருக்கு இனித்தது.

கவுண்டரில் டிலக்ஷியின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. பக்கத்தில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அற்புதமலர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். குனிந்து, மகளின் காதோடு சொன்னாள்:

“கந்தப்பன்னு போடு, பாப்பா.”